இன்க்ஸ்கேப்பும் நானும்: 4 ஆண்டு, 11 புராஜெக்ட்

கல்லூரி முதலாண்டில் இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளை நிறுவினேன். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை, அவ்வளவுதான். கொள்கை கிள்கை எதுவும் இல்லை. இப்போது படிப்பு முடிந்துவிட்டது. போஸ்டர், மாணவர் இதழ், அழைப்பிதழ், சான்றிதழ் என்று இந்த நான்கு ஆண்டுகளில் 11 வேலைகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதும் அபிப்பிராயம் இல்லை இது.

முதல் ஆறு மாதம் பாதி வீண். தினம் ஒரு லோகோ என்று, இல்லாத கம்பெனிகளுக்கெல்லாம் லோகோ வரைந்து தள்ளினேன். வளைகோடுகள் வரையும் பென் டூலில் கை பழகியது, மறுக்கவில்லை. ஆனால் வராத வளைவை விட்டுவிட்டு வேறு வடிவத்துக்குத் தாவ எனக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. பெயர் நீளமாக இருந்தால் பெயரையே சுருக்கிவிடுவேன். கம்பெனியே என் கற்பனைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்க ஆள் வந்தது நாடகக் குழுவின் போஸ்டரில்தான். ஏ3 அளவு, பின்னணி முழுக்கப் பளீர் நீலம். திரையில் கண்ணைப் பறித்தது. பிரஸ்ஸிலிருந்து வந்த தாளில் அது ஊதா கலந்த, சோர்ந்துபோன ஏதோ ஒரு நிறம். திரை ஆர்ஜிபி ஒளியில் (சிவப்பு, பச்சை, நீலம்) காட்டும் எல்லா நிறங்களையும் சிஎம்ஒய்கே எனும் நான்கு அச்சு மைகளால் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) தாளில் கொண்டுவர முடியாது. பளீர் நீலமும் பளீர்ப் பச்சையும்தான் முதலில் அடிபடும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்!

நிறத்தையாவது பொறுத்துக்கொண்டார்கள். கீழே ஒரு கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் இடமும் நேரமும். 7 பாயின்ட், மெல்லிய எழுத்துரு. திரையில் நவீனமாகத்தான் இருந்தது. அச்சில் மை பரவி மெய்யெழுத்துப் புள்ளிகளை மூடிவிட்டது. ‘நாடகம்’ ‘நாடகம’ ஆனது, ‘அரங்கம்’ ‘அரஙகம’ ஆனது. ஆங்கில ஐ-யின் தலையில் புள்ளி போனாலும் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு. குழுவினர் ஒருநாள் மாலை முழுக்க உட்கார்ந்து வெள்ளை மைப் பேனாவால் ஒவ்வொரு தாளிலும் புள்ளி வைத்தார்கள். நானும் வைத்தேன். அதற்கப்புறம் அடர் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் 9 பாயின்ட்டுக்குக் கீழே நான் போவதில்லை, மெல்லிய எடையை (எழுத்தின் தடிமனைத்தான் எடை என்பார்கள்) தொடுவதும் இல்லை.

தமிழ் விஷயத்தில் இன்க்ஸ்கேப் நல்ல பிள்ளை. ‘கொ’, ‘சௌ’ போன்றவை கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறுவதை வேறு மென்பொருள்களில் பார்த்திருக்கிறேன், இதில் பார்த்ததில்லை. வரி இடைவெளியை மட்டும் நம்பாதீர்கள். இயல்பாக எழுத்தளவைப் போல 1.25 மடங்கு என்று வைத்திருக்கும். மேல் வரி ‘ழு’வின் கீழ்ச்சுழியும் கீழ் வரி ‘தீ’யின் மேல்சுழியும் அதில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். நான் 1.5-இல் ஆரம்பித்து, எழுத்துருவைப் பார்த்துக் குறைப்பேன். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்குக் கோடு சேர்த்துத் தடிப்பாக்கும் குறுக்குவழியும் வேண்டாம், ‘ண’வின் சுழிகள் அடைந்துவிடும். முக்தா மலர் என்ற எழுத்துருவில் 7 எடைகள் இருக்கின்றன, இலவசம்தான்.

இனி குறைகள். நிழல், மங்கல் என்று பிளர் போட ஆரம்பித்தால் என் பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். அச்சுக்கான சிஎம்ஒய்கே பிடிஎஃப் நான் பயன்படுத்திய பதிப்புகளில் நேரடியாக வரவில்லை, ஸ்கிரிபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய்த்தான் எடுத்தேன். ஸ்கிரிபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடையும், 1.5.3-க்குப் பிறகு சரியாக வருகிறது. இன்னொன்று, இது முழுக்க என் தப்பு: பிரஸ்ஸுக்கு அனுப்ப எழுத்துகளையெல்லாம் பாதையாக, அதாவது திருத்த முடியாத கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு, அதே கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். மறுநாள் விழாத் தேதி மாறியது. ஒவ்வொரு எழுத்தும் வெறும் வடிவம். தேதி, இடம், விருந்தினர் பெயர் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்து உட்காரவைக்க இரவு இரண்டு மணி ஆனது.

இதழ் வேலை தனி. ஸ்கிரிபஸில் கட்டி, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விட்டு, பெருமையோடு அனுப்பிவைத்தேன். பிரஸ்காரர் போனில் கூப்பிட்டார். “தம்பி, 18 பக்கம் அனுப்பியிருக்கீங்க. நடுவுல பின் அடிக்கிற புத்தகம். ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம். மிச்ச ரெண்டை நான் எங்க வைக்கிறது?” பதினாறாகக் குறைத்தால் யாருடைய கவிதையை வெட்டுவது என்று சண்டை வரும். அதனால் 20 ஆக்கினோம். கூடுதல் இரண்டு பக்கத்தை நிரப்ப அவசரமாக ஒரு குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டோம். இதழ் வந்ததும் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள், கவிதைகளைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

டிசைன் மாணவர் என்றால் தாராளமாக இன்க்ஸ்கேப்பில் தொடங்கலாம். வேலைக்குப் போகுமிடத்தில் அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். பென் டூல் பழகிய கைக்கு அது பெரிய விஷயம் இல்லை, ஷார்ட்கட்கள்தான் கொஞ்ச நாள் படுத்தும். ஆனால் பயிற்சிக் காணொளியில் வந்த போஸ்டரையே திரும்பச் செய்துகொண்டிருக்காதீர்கள். ஏதாவது ஒரு குழு, ஒரு விழா, ஒரு வகுப்பறைக் கதவு என்று நிஜமாக யாருக்காவது வேண்டிய ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கல்லூரி நூலகத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘வாசிப்பறை’ என்று எழுதி, வலப்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான் வடிவம். நேற்று சாதாரணத் தாளில் மாதிரி எடுத்து ஒட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தேன். வந்தவர்களில் மூன்று பேர் பலகையைப் படித்துவிட்டு இடப்பக்கம் திரும்பினார்கள். அம்புக்குறி எழுத்துக்கு இடப்பக்கம் இருப்பதால் குழம்புகிறார்களோ என்று சந்தேகம். இன்று மாலை அதை வலது ஓரத்துக்கு நகர்த்தி ஒட்டிப் பார்க்க வேண்டும்.