பட்டைத்தோல் எண்டு 47,500 ரூபாவுக்கு வந்த குப்பை: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் கவனம்

47,500 ரூபா. முழுக்காசையும் முதலே போட்டது எங்கட பிழை, ஒத்துக்கொள்றம். மிச்சமெல்லாம் முகநூலில தோல் விக்கிற அந்தக் கொழும்புக் கடைக்காரன்ட பிழை. பேர் போடேல்ல, நாளைக்கு வேற பேரில, வேற படத்தோட வருவான். அவன் செய்த வேலையைப் பாருங்க.

நாடகத்துக்கு 8 முதுகுப்பை. 1817-18 ஊவாக் கிளர்ச்சிக்கால ஆங்கிலச் சிப்பாய் சுமந்த மாதிரி: கறுப்புப் பூச்சடிச்ச கன்வஸ் பெட்டி, வெள்ளைத் தோல்வார். பை ஒண்டுக்குத் தோள்வார் 2, நெஞ்சுவார் 1, மேல சுருட்டின கோட்டைக் கட்ட 3, மூலைத்துண்டுகள். 4 சதுர அடி போகும். 8 பைக்கு 32, சேதாரத்தோட 38. கன்வஸ் கல்முனையில படங்கு தைக்கிற கடையில எடுத்து, கழுவிச் சுருங்கவிட்டு, ஆளிவிதை எண்ணெயில கறுப்புக் குழைச்சு மூண்டு பூச்சும் மாரிக்கு முதலே காய்ஞ்சிட்டு. (எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாப் பத்தும். விரிச்சுப் போடுங்க.)

வாருக்குப் பட்டைத்தோல்தான் வேணும், அதாவது மரப்பட்டையில பதனிட்ட தோல், 3 மி.மீ. குரோம் உப்பில பதனிட்ட தோல் பாரத்துக்கு இழுபடும், வெட்டின ஓரம் தேய்ச்சாலும் மினுங்காது.

நம்பினது மாதிரித் துண்டை. தபாலில ஒரு உள்ளங்கையளவு வந்திச்சு. வெட்டு ஓரம் உள்ளுக்கும் வெளியிலும் ஒரே மண்ணிறம். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா உடன குடிச்சுக் கறுத்திச்சு. அசல் பட்டைத்தோல். "அண்ணா, இதே தோல்தான் முழுசும் வரும், நம்பிப் போடுங்க" எண்டான். அண்டைக்கே 47,500 போட்டம்.

ஒன்பது நாளில பாசல் வந்திச்சு. சுருளின்ட வெளிச்சுத்து மட்டும் அசல். உள்ளுக்கு இருந்தது அடித்தோல்: தோலை ரெண்டாப் பிளந்து மேல்பக்கத்தை நல்ல விலைக்கு வித்துப்போட்டு, மிஞ்சின அடிப்பக்கத்தில பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோல் ரேகையை அச்சடிச்சது. பார்த்தா அதே ரேகை, அதே சுருக்கம் திரும்பத் திரும்ப வருது; எந்த மாட்டுக்கு அப்பிடித் தோல்? குறுக்க வெட்டினா நடுவில நீலச் சாம்பல் நிறம், மேல பொலித்தீன் மாதிரி ஒரு கோடு. தண்ணி உருண்டு ஓடுது. நெருப்புக் காட்டினா பிளாஸ்டிக் நாத்தம். வாரை வெள்ளையாக்க வெள்ளைக் களிமண் பூசிக் காயவிட்டுக் கையால தட்டினா கோதுமை மா மாதிரிக் கொட்டுது. ஒரு வார் வெட்டி, துளை போட்டு, பக்கிள் மாட்டி, 10 கிலோ அரிசி தொங்கவிட்டுப் பார்த்தம். வட்டத் துளை முட்டை மாதிரி நீண்டு, தையல் நூல் தோலை அறுத்துக்கொண்டு இறங்கிட்டு. மேல்பக்கத்திலதான் நார் இறுக்கமா இருக்கும், அடியில தளர்வு.

அளவும் பொய். கால், வயிற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற நுனியில இருந்து நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 38 எண்டிருக்கான். தாளில வரைஞ்சு அளந்தா 31.

பதில்கள்? முதல் நாள், "தோல் இயற்கைப் பொருள் அண்ணா, ஒண்டுக்கொண்டு வித்தியாசம் வரும்." மறுகா, "வெயிலில வைச்சு எண்ணெய் பூசுங்க, சரியாகும்." பிறகு முதலாளி ஊரில இல்லையாம். கடைசியில, "நீங்க வெட்டிட்டீங்க, வெட்டின தோலை எடுக்க ஏலாது." வெட்டாம உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எப்பிடித் தெரியும்? அதுக்குப் பிறகு பார்த்ததாக நீலக் குறி மட்டும் வந்திச்சு. இப்ப அதுவும் இல்ல, எங்களைத் தடுத்துட்டான். 47,500 ரூபாவுக்கு வந்த விடை இவ்வளவுதான்.

விவரமா எழுத இருந்தது, கை ஓடுதில்ல. மாதிரித் துண்டை நம்பாதீங்க. பாதிக்கு மேல முதலே போடாதீங்க. பாசல் பிரிக்கக்குள்ளேயே வீடியோ எடுங்க, சுருளை முழுசா விரிச்சு உள்ளுக்கு இருக்கிற தோலில ஒரு மூலையைச் சீவிப் பாருங்க.

8 கன்வஸ் பெட்டியும் வார் இல்லாம மேசையில கிடக்கு. 3 மி.மீ. பட்டைத்தோல் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஆரிட்டயாவது இருந்தா சொல்லுங்க. நேர வந்து, வெட்டிப் பார்த்துத்தான் காசு.