பின்னால் உட்கார்ந்த வேன்: பட்டையா, கட்டையா, காற்றா?

மாருதி ஓம்னி, ஈகோ வேன் வைத்துக்கொண்டு சமையல் ஆர்டருக்கும் மைக் செட்டுக்கும் ஓடுகிறவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி கேட்பது, "பின்னாடி கொஞ்சம் தூக்கிக் குடுக்க முடியுமா?" முடியும், அதுவும் ஐந்தாறு விதமாக. ஆனால் வண்டி எப்போது தாழ்கிறது என்று பார்க்காமல் இதில் காசு போடக் கூடாது.

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடி விளிம்பு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வழக்கமான லோடு ஏற்றி இன்னொரு முறை. அதே மாடலில் நல்ல நிலையில் இருக்கும் வண்டியைவிடக் காலியிலேயே தாழ்வாக நின்றால் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று பொருள். காலியில் சரியாக நின்று, அண்டாவும் சிலிண்டரும் ஏறியதும் உட்கார்ந்தால் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது, துணைதான் தேவை.

ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது என்பவர்கள் தட்டுவது எது என்று குனிந்து பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் பின் ஆக்ஸில் ஒரே துண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் பாடிதான் மேலே போகும். ஆக்ஸிலின் நடுவே பல்சக்கரங்களோடு பருத்திருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்குவது டயர் மட்டும்தான், அதுவும் சொற்பம். 12 அங்குல ரிம்மில் 145 மி.மீ. அகல டயரைக் கழற்றி அதே வகையில் 155 போட்டால் ஏறக்குறைய 8 மி.மீ. கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் போல குறைத்துக் காட்டும். இதற்காக நாலு டயர் வாங்குவது வீண்.

முதலில் ஓம்னி. அதன் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. செத்த பட்டைக்கு இரண்டு வைத்தியம்: புது செட், அல்லது பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றுவது. நல்ல பட்டைக்காரர் சென்டர் போல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் பட்டையைக் கவிழ்த்துப் போட்டு, பச்சையாகவே, அதாவது சூடு காட்டாமல், சம்மட்டியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சின்னச் சின்ன இடைவெளியில் தட்டிக்கொண்டே போவார். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வளைவு வராது, மடிப்புதான் விழும். கேஸ் கட்டரால் சூடேற்றி வளைப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். டெம்பர், அதாவது பட்டையின் ஸ்பிரிங் குணம், போய்விடும், மறுபடி உட்கார்ந்துவிடும். பச்சையாகத் தட்டியதுகூட புதுப் பட்டை அளவு உழைக்காது. தினமும் லோடு அடிக்கிற வண்டிக்குப் புது செட்தான் லாபம் என்பது என் கணக்கு. வாரம் ஒரு ஆர்டர் என்றால் பட்டறை போதும்.

லோடில் மட்டும் உட்காரும் ஓம்னிக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போடுவது வழக்கம். இங்கே பட்டையின் கனம், அதாவது தடிமன், முக்கியம். நான்கு பட்டைக் கட்டில் அதே கனத்தில் ஐந்தாவது சேர்ந்தால் விறைப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடும். ஆனால் ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவது. 6 மி.மீ. போட வேண்டிய இடத்தில் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று 7 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டை மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைக்கும். காலியில் வரும்போது முதுகு பேசும். இதைவிட நல்லது, கடைசியில் கொஞ்சம் தட்டையான ஹெல்பர் பட்டை. லோடு ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்த பிறகே அது வேலைக்கு வரும். காலியில் சும்மா கிடக்கும்.

கட்டை வைப்பது மலிவு. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை, நீள யூ போல்ட், அரை நாள் வேலை. விறைப்பு மாறாது, ஓட்டம் அப்படியே இருக்கும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வண்டியில்தான் இது உயர்த்தும். கீழே தொங்குகிற அமைப்பில் வண்டியை இறக்கிவிடும். செத்த பட்டைக்குக் கட்டை வைப்பது நோயை மறைப்பதுதான். கட்டை உயர உயர, பிரேக் பிடிக்கும்போதும் இழுக்கும்போதும் ஆக்ஸில் பட்டையை முறுக்கப் பார்க்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்கிய வண்டியில் நான் லோடு ஏற்ற மாட்டேன்.

பட்டையின் ஒரு முனையைப் பாடியோடு இணைக்கிற ஆடும் துண்டுதான் ஷாக்கிள். அதை நீளமாகப் போடுவது எனக்குப் பிடிக்காத வழி. 40 மி.மீ. நீட்டினால் கிடைப்பது பாதி, சுமார் 20 மி.மீ. தான். ஒரு முனை மட்டும் இறங்குவதால் ஆக்ஸிலின் கோணம் திரும்பி, இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் சத்தம் போட ஆரம்பிக்கும். வளைவில் பின்பக்கம் ஆடவும் செய்யும்.

ஈகோவில் பின்னால் பட்டை கிடையாது, சுருள் ஸ்பிரிங். செத்திருந்தால் கம்பெனி சுருள் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்று மட்டும் மாற்றாதீர்கள். கடைக்காரர்கள் காட்டுவது சுருள் வளையங்களுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபர். பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், கழற்றவும் சுலபம். அது செய்வது இதுதான்: ஒரு வளையத்தை வேலை செய்யவிடாமல் பூட்டுகிறது. ஆறு வளையம் வேலை செய்த இடத்தில் ஐந்து என்றால் விறைப்பு 20 சதவீதம் கூடும். உயரம் பெரிதாக ஏறாது. ரப்பர் உரசுமிடத்தில் பெயின்ட் போய் ஈரம் தங்கும், துரு பிடிக்கும். அவ்வப்போது லோடு ஏற்றுபவருக்குச் சரி, தினசரி லோடுக்குச் சரிவராது.

சுருளுக்குள் வைக்கும் காற்றுப் பை இவற்றிலெல்லாம் நாகரிகமானது. லோடு ஏறும்போது காற்றை ஏற்றலாம், இறங்கியதும் இறக்கலாம். சுருளின் நடுவே ஷாக் அப்சார்பர் போகாத வண்டியில்தான் பொருந்தும். விலை கூட. கல் குத்தினாலோ சைலன்சர் சூடு பக்கத்தில் இருந்தாலோ பை போய்விடும். ஒரு நாள் நிறைய லோடு, மறுநாள் குடும்பத்தோடு பயணம் என்று மாறி மாறி ஓட்டுபவருக்கு இதற்கு ஈடில்லை.

எந்த வழியானாலும் 50 மி.மீ. தாண்டாதீர்கள். ஓம்னியின் வீல்பேஸ் 1840 மி.மீ.; பின்னால் 50 ஏற்றினால் வண்டி ஒன்றரை டிகிரி முன்னால் சாயும். முன்சக்கரத்தின் காஸ்டர், அதாவது ஸ்டீயரிங் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம், அந்த அளவு குறைந்து, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது மந்தமாகும். ஹெட்லைட் வெளிச்சம் 10 மீட்டரில் 27 செ.மீ. கீழே விழும், அதைத் திருப்பி சரிசெய்ய வேண்டும். ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபடுகிறதா, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்பதையும் ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பட்டறையில் பெரும்பாலும் கவனிக்காதது, சில வண்டிகளில் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவே மெல்லிய கம்பியோடு இருக்கும் பிரேக் வால்வு. லோடில் பாடி தாழ்ந்தால் அது பின்சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் விடும். நீங்கள் பாடியைத் தூக்கிவிட்டால், லோடு இருக்கும்போதே வண்டி காலி என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அசல் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. புதுப் பட்டை, புதுச் சுருள் என்றால் எஃப்.சி.யில் கேள்வி வராது. கட்டை, நீள ஷாக்கிள் என்றால் அதிகாரி கேட்பதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். பின்னால் எவ்வளவு தூக்கினாலும் ஆர்.சி.யில் இருக்கும் எடை கிலோ அளவுகூட ஏறாது. ஆக்ஸில், டயர், பிரேக் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவைதான்.