நாலு வருசமா இயற்கை காய்கறி கூட்டுறவுக் கடையில வாங்குகேன், அந்த ஸ்லேட்ட எடுத்ததுதான் தாங்கல

கேரளாவுல பாறசாலையில கட்டிக்குடுத்த எங்க அத்த மவ போன வாரம் போன் பண்ணி, "நீ வாங்குற இயற்கைக் கடையில நானும் ஷேர் எடுக்கட்டா, ஆயிரம் ரூவா போட்டா நட்டம் வராதுல்லா"ன்னு கேட்டா. வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்லத் தொடங்கி அது பத்து நிமிசம் போயிட்டு, அதான் எழுதியே போடுகேன்.

களியக்காவிளைக்கு இங்கிட்டு நம்ம பக்கத்து விவசாயிங்களே சேந்து நடத்துற சின்ன கடை, புதனும் சனியும் காலையில மட்டும் திறப்பாவ. விலையப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சந்தையில வழுதலங்கா, அதான் கத்திரிக்கா, கிலோ 50 வித்தா இங்க 60, டவுன்ல ஏசி போட்ட ஆர்கானிக் கடையில அதே கா 120. மரச்சீனி, சேனை, தடியங்கா எல்லாம் சீசன்ல சந்தை விலையேதான். தோட்டத்துல இருந்து நேரா வருது, கமிஷன் இல்ல, லாரி வாடகை இல்ல, பை நாமதான் கொண்டு போணும். கேரட், பீட்ரூட் கேக்காதீங்க, இங்க விளையாதது இங்க கிடைக்காது.

மட்டிப்பழம் வாற அன்னைக்கு கடைக்குள்ள நுழைஞ்சாலே மணம் அடிக்கும். 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம கன்னியாகுமரி மட்டிதான், எங்க மோளுக்கு முதல்ல மசிச்சுக் குடுத்த பழமும் இங்க வாங்குனதுதான். கார்பைட் கல்லு வச்சுப் பழுக்க வச்சிருப்பாவளோன்னு பயமே இல்லாம குடுத்தேன், அந்த நிம்மதிக்கு எவ்வளவு வேணும்னாலும் குடுக்கலாம்.

இப்ப அந்த ஸ்லேட். முன்ன ஒவ்வொரு பெட்டிக்கு மேலயும் ஒரு ஸ்லேட் இருக்கும், சாக்பீஸ்ல விவசாயி பேரு, ஊரு, பக்கத்துல கிரீனா ஆர்கானிக்கான்னு எழுதியிருப்பாவ. அவியளுக்கு இருக்கது பிஜிஎஸ்னு ஒரு இயற்கை விவசாயச் சான்று. வெளிய இருந்து ஆள் வந்து சோதிச்சுக் குடுக்குற சான்றுக்கு ஆகுற செலவ இருவது சென்ட், அரை ஏக்கர் வச்சிருக்கவங்களால தாங்க முடியாது, அதனால குறைஞ்சது அஞ்சு விவசாயி ஒரு குழுவா சேந்து ஒருத்தர் தோட்டத்த மத்தவங்க போய்ப் பாத்து ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நிக்கிற முறை இது. ரசாயனத்த விட்டு மாறிட்டு இருக்க நிலத்துக்கு கிரீன், முழுசா மாறின பெறவுதான் ஆர்கானிக். அப்படின்னா இங்க பேருதான சான்றே? பேர அழிச்சுட்டு சான்ற மட்டும் சுவத்துல பிரேம் போட்டு மாட்டுனா என்ன அர்த்தம்?

பில் மெஷின் வந்த பெறவு ஸ்லேட்ட எல்லாம் எடுத்துட்டாவ. நாலு தோட்டத்து வழுதலங்காயும் ஒரே பெட்டியில, கிரீனும் ஆர்கானிக்கும் கலந்து, ஒரே விலை. "இது யாரு தோட்டத்துது மக்ளே"ன்னு கேட்டா கல்லாவுல இருக்க பையன் மெஷினப் பாத்துட்டு "அதுல வராதுக்கா"ங்கான். அவனக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அன்னைக்கு வந்த கோவத்துல எடுத்த காயத் திருப்பி வச்சிட்டு வந்துட்டேன்.

ரெண்டு வருசம் முன்ன ஒரு தடவ வெள்ளரிக்கா கசந்துது. ஸ்லேட்ல பேரு இருந்ததால அடுத்த சனிக்கிழம அந்த விவசாயிகிட்டயே கேட்டேன். மோட்டார் ரிப்பேர் ஆகி அந்த வெயில்ல ஒரு வாரம் தண்ணி விட முடியல, தண்ணி காஞ்சா வெள்ளரி கசக்கும்னு விவரமா சொல்லிட்டு, வேண்டாம்னாலும் கேக்காம ரெண்டு காய் பையில போட்டுட்டாவ. இப்ப கசந்தா நான் யாருகிட்ட போய் கேக்க?

அத்த மவளுக்கு இது கூடுதலா முக்கியம். 2015ல தமிழ்நாட்டு காய்கறியில பூச்சி மருந்துன்னு கேரளாவுல பெரிய பேச்சு ஆச்சுல்லா, அவ மாமியார் இன்னைக்கும் "தமிழ்நாட்டு பச்சக்கறி வேண்டா"ன்னு தான் சொல்லுவாவ. ஒரு ஓணத்துக்கு நான் ஏத்தங்கா குலை கொண்டு போனப்ப ஸ்லேட்ட போட்டோ எடுத்துக் காட்டி, இன்னாரு தோட்டம், பஸ்ல போனா அரை மணி நேரம், வாங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவிய அந்த ஏத்தங்காய உப்பேரிக்கு நறுக்குனாவ. இப்ப எதக் காட்டுவேன், "வழுதலங்கா 1 கிலோ"ன்னு அடிச்ச பில்லயா?

கடைக் கூட்டத்துல ரெண்டு தடவ எழும்பிச் சொல்லியாச்சு. பாக்கலாம்னாவ. பத்து ஸ்லேட்டும் ஒரு டப்பா சாக்பீஸும் நானே வாங்கித் தாறேன்னும் சொல்லிட்டேன்.

அதனால நீ இப்ப ஷேர் எடுக்காத. ஆயிரம் ரூவாய கையில வச்சுக்கோ, ஸ்லேட் திரும்ப வந்தா நானே போன் பண்ணுகேன். மாமியாருக்கு மட்டி வேணும்னா இன்னைக்கே சொல்லு, இந்த சனிக்கிழம வரும்னு சொல்லியிருக்காவ, ஏழு மணிக்கே போயிருவேன், எட்டுக்கு மேல ஒரு சீப்பு கூட மிஞ்சாது.