கோத்தகிரியில் நம்பிக் கொடுக்கக்கூடிய கணினிப் பழுதுநீக்கும் கடை

கோத்தகிரியில் காமராஜர் சதுக்கத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் சிறிய கணினிப் பழுதுநீக்கும் கடை ஒன்று இருக்கிறது. திரும்பத் திரும்ப நின்றுபோகும் கணினியை ஆராய்வதில் இவ்வளவு ஒழுங்கும் பொறுமையும் உள்ள கடையை நீலகிரியில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அவர்கள் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மேசைக் கணினியில்தான் அக்கம்பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளின் இலைக் கணக்கும் பிள்ளைகளின் பள்ளி வேலையும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாள்களில் அது நீலத்திரை காட்டித் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. முதலில் கொடுத்த வேறொரு கடையில் விண்டோஸை ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். சில நாள் ஓடியது. பிறகு பழையபடியே ஆயிற்று. மழைக்காலத்தில் எந்த மின்சாதனம் கெட்டாலும் ஈரம் ஏறிவிட்டது என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம், அதையும் சொன்னார்கள்.

கோத்தகிரிக் கடைக்காரர் முதலில் கேட்டது ஈரத்தைப் பற்றி அல்ல, தரவைப் பற்றி. வேறெங்கும் நகல் இல்லை என்று தெரிந்ததும், கணினியை இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே கோப்புகள் சேமிக்கப்படும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, தம்முடைய கணினியில் இணைத்து, கணக்குக் கோப்புகளை நகலெடுத்தார். ரேம் (கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) பழுதாக இருந்தால், அந்தக் கணினி வழியாக எடுக்கும் நகலே சத்தமில்லாமல் சிதைந்துபோகலாம் என்று காரணமும் சொன்னார். இந்த ஒரு செயலுக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்து அவர் பார்த்தது, விண்டோஸ் ஒவ்வொரு முறை விழும்போதும் மினிடம்ப் என்ற கோப்புறையில் விட்டுச்செல்லும் பதிவுகளை. ஒரே டிரைவரின் (கணினியின் ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) பெயரும் ஒரே பிழைக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் அந்த மென்பொருள் மேல் விழும். எங்கள் கணினியிலோ ஒருமுறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’, இன்னொருமுறை ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்று பிழை மாறிக்கொண்டே இருந்தது. இப்படித் தொடர்பில்லாத பிழைகள் மாறி மாறி வந்தால் ரேமைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய அனுபவம். அதில் தர்க்கமும் இருக்கிறது. பழுதான நினைவிடத்தில் அந்த நேரத்தில் எந்த நிரலின் தரவு வந்து அமர்கிறதோ, அந்த நிரல்தானே குற்றவாளியாகத் தோன்றும்?

சோதனைக்கு அவர் பயன்படுத்தியது மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருள். 2022இல் வந்த 6ஆம் பதிப்பு முதல் அது யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் புதிய கணினிகளிலும் இயங்குகிறது. பென்டிரைவிலிருந்து விண்டோஸுக்கு முன்பே தொடங்குவதால், இயங்குதளம் பிடித்துவைத்திருக்கும் பகுதியையும் சேர்த்து ஏறக்குறைய முழு நினைவகத்தையும் அதனால் சோதிக்க முடிகிறது. எங்கள் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையில் அணைத்த பிறகும் சிவப்பு நிறத்தில் பிழைகள் வந்தன. உடனே புதிய ரேம் வாங்கச் சொல்லியிருந்தால் நானும் வாங்கியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு ரேம்களையும் கழற்றி, ஈரத்தால் களிம்பேறியிருக்கலாம் என்பதற்காக அவற்றின் பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொரு ரேமையும் தனியாக, இரண்டு ஸ்லாட்டுகளிலும் மாற்றி மாற்றிப் போட்டு, இரவு முழுவதும் ஓடவிட்டார். ஒரு ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் பிழையின்றித் தேறியது. மற்றது இரண்டிலுமே தவறியது. ஆகவே குற்றம் மதர்போர்டிலோ தொடுமுனைகளில் ஏறிய ஈரத்திலோ இல்லை, அந்த ஒரு ரேமில்தான் என்பது பெரும்பாலும் உறுதியாயிற்று. ஃபார்மட் செய்தது ஏன் பயன்படவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது: பழுதான ரேம் வழியாக நிறுவப்படும் விண்டோஸில் சில கோப்புகள் தொடக்கத்திலேயே கெட்டுப் பதிவாகக்கூடும்.

அந்த ரேமுக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை என்று கண்டறிந்து, பழைய பில்லை வைத்து நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளும் வழியைச் சொன்னதோடு, அதுவரை நல்ல ரேம் ஒன்றை மட்டும் வைத்துக் கணினியை ஓட்டிக்கொள்ளச் செய்தார். ஒரு பொருளை விற்கும் வாய்ப்பைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். வாங்கிய சோதனைக் கட்டணம், விண்டோஸை ஃபார்மட் செய்ய மற்ற கடையில் கொடுத்ததைவிடக் குறைவு.

மின்சப்ளையையும் அவர் விட்டுவிடவில்லை. கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் இணைப்பை, கணினி முழுச் சுமையில் ஓடும்போது மல்டிமீட்டரால் அளந்தார், 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது அளவுகோல், எங்களுடையது அதற்குள்ளேயே நின்றது. நீலத்திரை வராமல் சட்டென்று அணைந்து, விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கர்னல்-பவர் 41 (கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் அணைந்தது என்ற குறிப்பு) மட்டும் இருந்தால், வீட்டு மின்னழுத்தத்தையும் எர்த் இணைப்பையும் மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொன்னார். மழையில் மரக்கிளை கம்பிமேல் விழுந்து மின்சாரம் வந்து வந்து போகும் எங்கள் ஊர்களுக்கு இது மிகவும் தேவையான அறிவுரை.

குறைகளும் உண்டு. வேலை மெதுவாகத்தான் நடக்கும். இரவுச் சோதனை முடியாமல் கணினியைத் திருப்பித் தர மாட்டார்கள், அவசரம் என்றாலும் இசைவதில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் வசதி இல்லாததால், அரவேனு, கட்டபெட்டு போன்ற இடங்களிலிருந்து வருபவர்கள் கேபினெட்டைப் பேருந்தில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். சோதனை முடிவை எழுத்தில் தருவதும் வழக்கமில்லை. உத்தரவாதம் கோரும்போது பிழைத்திரையின் படம் உதவும் என்பதால், அதைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி மதர்போர்டில் சிப் அளவிலான வேலை இருந்தால் அதைக் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்புகிறார்கள், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்; அந்த வேலைக்கு மட்டும் நீங்கள் நேராகக் கோயம்புத்தூருக்கே கொண்டுபோவது நாள்களை மிச்சப்படுத்தும்.