உரலில் தலையை விட்டேன்: லால்பாக் மசாலா சந்து

போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படி என் பொறுப்பு. மனைவி இன்னும் வேலைக்குப் போகிறாள். திருநெல்வேலிக்காரன் கையில் கரண்டி கிடைத்தால் என்ன நடக்கும்? சொதி, புளிமிளகாய், கூட்டாஞ்சோறு, மறுபடி சொதி. மூன்றாவது மாதம் அவளே சொல்லிவிட்டாள்: “ஏங்க, முப்பது வருஷமா பம்பாயில இருக்கோம். இந்த ஊர் குழம்பு ஒண்ணாவது வைக்கக் கூடாதா?”

எதிர்வீட்டு காக்கு (மராத்தியில் சித்தி) கொங்கண் கடற்கரையில் மால்வண் பக்கத்துக்காரர். அவர் வீட்டில் மீன் கொதிக்கிற நாளில் எங்கள் மாடி முழுக்க மணக்கும். அவரிடம் போய்க் கேட்டேன். பாக்கெட் மசாலா எது நல்லது என்று நான் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் பட்டியல் எழுதிக் கொடுத்தார். “லால்பாக் போ. நீயே பொறுக்கி வாங்கு. வறுக்கும்போதும் இடிக்கும்போதும் அங்கேயே நில்லு. டீ குடிக்கப் போகாதே.”

கடைசி வரிக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை.

சயான் ஸ்டேஷனிலிருந்து ஸ்லோ லோக்கல் ரயிலில் நாலாவது நிறுத்தம் கரி ரோடு. அங்கிருந்து கிழக்கே நடந்தால் லால்பாக் மார்க்கெட். வழியை யாரிடமும் கேட்க வேண்டாம், தும்மல் வருகிற பக்கம் போனால் போதும். கணபதி நாட்களில் மட்டும் போய்விடாதீர்கள், லால்பாக் ராஜா என்ற பிள்ளையாரைப் பார்க்க வரும் கூட்டத்தில் மிளகாய் மூட்டையோடு திரும்ப முடியாது. நான் போனது ஏப்ரலில். மழைக்கு முன்னால் ஒரு வருடத்துக்கான மசாலாவை இடித்து வைப்பது இங்கே பழைய வழக்கம் என்பதால், மார்ச் முதல் மே வரைதான் சந்து உயிரோடு இருக்கும்.

கடை வாசலில் மூட்டை மூட்டையாக மிளகாய். எனக்குத் தெரிந்த வற்றல் மிளகாய் இரண்டு, சம்பா, குண்டு. இங்கே பேட்கி, சங்கேஷ்வரி, லவங்கி, பாண்டி, காஷ்மீரி என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். பேட்கியை மட்டும் நன்றாகப் பார்த்து வாங்கினேன். கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்து பேடகி ஊர்ப் பெயர்தான் மராத்தியில் பேட்கி ஆகியிருக்கிறது. 2011இல் புவிசார் குறியீடும் வாங்கிய மிளகாய். நீளமாக, கிழவியின் கைத்தோல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்கும். ஒன்றை உடைத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். கை சிவந்தது, எரியவில்லை. நிறத்துக்கு இது, காரத்துக்கு லவங்கி. லவங்கி சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. “காகா, இதைத் தேய்த்துப் பார்க்காதீங்க” என்றார். நல்ல மனிதர்.

மசாலா சாமான்களில்தான் விஷயமே. பட்டியலில் ‘தகட்பூல்’ என்று ஒன்று இருந்தது. ஏதோ மலைப்பிரதேசத்துப் பூ என்று நினைத்துக்கொண்டு போனேன். தகட் என்றால் மராத்தியில் கல். கடைக்காரர் எடுத்துப் போட்டது, காரைக்குடிக்காரர்கள் கறிக்குழம்பில் போடும் அதே கல்பாசி! கறுப்பும் சாம்பலுமாகக் காய்ந்த அப்பளத் துண்டு போல. ‘பாத்யான்’ என்றது அன்னாசிப்பூ. ‘ஆம்சூல்’ என்றதைக் கேட்டு மாங்காய்த்தூளை நீட்டுவார்கள் என்று பார்த்தால், புளிப்புக்குப் போடும், கறுத்துச் சுருண்ட கோகம் பழத்தோல். புதிய சாமான் வாங்க வந்தேன் என்று நினைத்தேன், பாதி சாமானுக்குப் புதிய பெயர்தான் வாங்கினேன். நாகேசரம் மட்டும் நிஜமாகவே எனக்குப் புதுசு. காம்போடு இருக்கும் குட்டி மொட்டு, வாயில் போட்டால் கிராம்புக்குத் தங்கை முறை.

காக்குவின் கணக்கு இது: பேட்கி 1 கிலோ, லவங்கி 100 கிராம், தனியா அரைக் கிலோ, சோம்பு 100, மஞ்சள் 100. பிறகு மிளகு, கசகசா, கிராம்பு, பட்டை, கல்பாசி, நாகேசரம் எல்லாம் 50க்கும் 10க்கும் நடுவில். ஜாதிக்காய் ஒன்று. பெருங்காயக் கட்டி ஒரு துண்டு. காம்பு கிள்ளியபின் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ வந்தது. அதற்குக் குறைந்தால் இடிக்க மாட்டேன் என்கிறார்கள், உரலின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடுமாம். சோதனைக்குக் கால் கிலோ செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சந்து சரிப்படாது. என்னைப் போல் பாதியை மைத்துனிக்குத் தள்ளிவிடலாம்.

வறுப்பதற்குத் தனியாக ஆள். பெரிய இரும்புச் சட்டி, ஒரு கரண்டி எண்ணெய், ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கிறார் ஒரு அம்மா. நேரம் பார்ப்பதில்லை, மூக்கால் பார்க்கிறார். தனியாவை நான் வீட்டில் வறுப்பதைவிட இரண்டு படி நிறம் குறைவாக இருக்கும்போதே இறக்கிவிட்டார். சூட்டில் மீதி வெந்துகொள்ளுமாம். கல்பாசி சட்டியில் விழுந்து ஐந்து நொடிகூட இருக்காது. வழித்து எடுத்துவிட்டார்.

அப்புறம் டங்கா, அதாவது இடிக்கிற இயந்திரம். ‘மசாலா காண்டப்’ (மசாலா இடித்தல்) என்று பலகையில் எழுதியிருக்கும். தரையில் பதித்த இரும்பு உரல்கள் வரிசையாக, மேலே மோட்டாரில் சுழலும் நீளத் தண்டு. அது ஒவ்வொரு உலக்கையாகத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. டங், டங், டங். முகத்தில் துணி கட்டிய ஒருவர் உரலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உலக்கை மேலே போகும் அந்த ஒரு கணத்தில் கையை விட்டு மிளகாயைப் புரட்டிப் போடுகிறார். பார்க்கிற எனக்குத்தான் விரல் கூசியது. அவர் பக்கத்து ஆளிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். இடித்ததைச் சல்லடையில் அள்ளிச் சலிப்பார்கள். கப்பி மறுபடி உரலுக்கே போகும். இரண்டு கிலோவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எங்கள் ஊர் மில்லில் அரைத்த மிளகாய்ப்பொடி தூக்குச்சட்டியில் விழும்போதே கை பொறுக்காத சூடு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் கொட்டி ஆற வைப்பாள் அம்மா. இங்கே கையில் வாங்கியபோது வெதுவெதுப்புதான். பொடியும் மாவாக இல்லை, விரலில் லேசாக நெருடுகிறது. அந்த நெருடல்தான் குழம்பில் தெரிகிறது. எண்ணெயில் விழுந்ததும் சட்டென்று கருகாமல் நின்று நிறம் விடுகிறது. இடி கூலி கிலோவுக்கு 80 ரூபாய் கொடுத்தேன். வறுத்த கூலி தனி. கொடுத்த காசுக்குக் குறையில்லை.

இப்போது குறை. காக்குவின் டீ எச்சரிக்கையை நான் மதிக்கவில்லை. புகையில் கண் எரிந்ததால் வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். வீட்டில் எடை போட்டால் கிட்டத்தட்ட 200 கிராம் குறைகிறது. தூசியாகப் பறக்கும், உரலில் ஒட்டும் என்று அங்கே முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பாதியை நம்புகிறேன். இன்னொன்று, எனக்கு முன்னால் இடித்தவருடைய பொடி உரலடியில் இருந்ததை வழிக்காமலே என்னுடையதைப் போட்டார்கள். முதல் பிடியில் என்னுடையதில் இல்லாத ஒரு பூண்டு வாசம். கேட்டால் துடைப்பார்கள், கேட்க வேண்டும். அதே சந்தில் வேறொரு கடையில் ஆசைப்பட்டு வாங்கிய ரெடிமேட் கோடா மசாலா (இன்னொரு மராத்தி மசாலாப்பொடி) பழைய சரக்கு. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

ஆனால் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த புதையல் மசாலா இல்லை, திர்பள். பட்டியலின் ஓரத்தில் ‘பாங்கடாவுக்கு’ (அயிலை மீனுக்கு) என்று குறித்து காக்கு இதை எழுதியிருந்தார். முதலில் லால்பாக்கில் இதை வாங்க மறந்துவிட்டேன். ஆபீஸிலிருந்து வரும் வழியில் வாங்கி வா என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் நாட்டு மருந்துக்கடையில் கேட்டு, பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தது திரிபலா சூரணம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். நல்லவேளை, டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அன்று அதைக் குழம்பில் போட்டிருந்தால் மறுநாள் எங்கள் வீட்டுக் கழிவறைக்கு டோக்கன் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

மறுபடி லால்பாக் போய் 50 கிராம் வாங்கினேன். மிளகு அளவில், பழுப்பு நிறத்தில், வாய் பிளந்த காய். பிளவுக்குள் பளபளவென்று ஒரு கறுப்பு விதை. சீனர்கள் போடும் சிச்சுவான் மிளகுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம், ஒரே பேரினம். இரண்டும் எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலையெல்லாம் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அது தெரியாமலே முகர்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அம்மா இடிக்கும் வேப்பிலைக்கட்டி. நார்த்தை இலையை நரம்பு கிள்ளி உரலில் போட்ட மணம் அப்படியே.

முதல் தடவை விதையோடு பதினைந்து காயைத் தட்டிப் போட்டேன். விதை மண் மாதிரி நறநறத்தது, கசந்தது. நாக்கு, பல் டாக்டர் ஊசி போட்டதுபோல மரத்துப்போய், சாப்பிட்டு அரை மணி நேரம் எனக்கும் மனைவிக்கும் பேச்சு சரியாக வரவில்லை. (வீட்டில் அன்று அபூர்வ அமைதி.) காக்கு தலையில் அடித்துக்கொண்டார். விதையை உதறிவிட வேண்டும், தோல் மட்டும்தான். நாலு பேர் குழம்புக்கு ஐந்தாறு போதும். லேசாக நசுக்கி, மீன் போடுவதற்குச் சற்று முன்னால் போட வேண்டும். அதை யாரும் மெல்லுவதில்லை, நம் கறிவேப்பிலை போல ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். தேங்காய், ஊறவைத்த பேட்கி, தனியா, மஞ்சள், கொஞ்சம் புளி சேர்த்து வெண்ணெயாக அரைத்து, தாளிக்காமல் கொதிக்கவிட்டேன். நசுக்கிய திர்பள் ஐந்து. அப்புறம் பாங்கடா, நம்மூர் அயிலை. இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. அந்த மீனுக்கு ஒரு எண்ணெய்க் கவிச்சி உண்டல்லவா, அதைத் திர்பள் அமுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தாளிக்காத குழம்பு என்றதும் முகத்தைச் சுளித்த மனைவி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

சரி, போகலாமா என்று கேட்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பத்தரைக்கு மேல் வரிசை. மிளகாயை வாங்கிக் காம்பு கிள்ளி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுபோனால் பொடி வருடம் தாங்கும். நான் கடையிலேயே காசு கொடுத்துக் கிள்ளச் சொன்னேன், நாலில் ஒன்றில் காம்பு இருந்தது. உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள், முன்னும் பின்னும். மூக்குக்கு ஈரத் துண்டு. பொடியை ஆறவிட்டு ஜாடியில் போட்டு, மேலே ஒரு கட்டிப் பெருங்காயம் வையுங்கள். வண்டு வராது என்பது காக்கு வாக்கு. எட்டு மாதமாகிறது, வரவில்லை.

ஜாடியில் இன்னும் நாலு விரல் பொடி இருக்கிறது. ஏப்ரலில் மறுபடி போக வேண்டும். காக்குவின் பட்டியலில் லவங்கி 100 என்றிருந்ததை 50 என்று திருத்தி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.