உயிலா, செட்டில்மென்ட் பத்திரமா?

"வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட வேண்டும்" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் பெரியவர்கள் பலர் உயிலையும் செட்டில்மென்ட் பத்திரத்தையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். செட்டில்மென்ட் என்றால் உரிமை அப்போதே கைமாறிவிடும். முத்திரைத் தீர்வை உண்டு, பதிவும் கட்டாயம். வில்லங்கச் சான்றில் மகள் பெயர் ஏறிவிடும். பிறகு மனம் மாறினால் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், மகள் கைவிடும்போது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் கைகொடுக்கும். அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதவைக்கப் பலர் கூச்சப்படுகிறார்கள்!

உயில், அதை எழுதியவர் கண்ணை மூடும்வரை யாருக்கும் எந்த உரிமையும் தராது. எத்தனை முறையும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் அவசியம். என் தாத்தா தம் வயதுக்காரர் இருவரைச் சாட்சியாக்கினார். இருவரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். கையெழுத்தை நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாட்சி இளையவராக இருக்கட்டும்.

இருப்பது ஒரே வீடு, அதில்தான் குடியிருக்கிறீர்கள் என்றால் என் ஓட்டு உயிலுக்கே. உபரியாக ஒரு மனை இருந்தால் அதைத் தாராளமாகச் செட்டில்மென்ட் எழுதுங்கள்.