கூரைச் சோலாருக்குப் பணம்: வங்கிக் கடனா, தவணைத் திட்டமா, கூரை வாடகையா?

திருகோணமலை, உப்புவெளியில் உள்ள எங்கள் இரண்டு மாடி வீட்டின் கூரையில் 10 கிலோவாட் சோலார் தொகுதி ஒன்றைப் பூட்டத் தீர்மானித்தபோது, பணத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. அரச வங்கியொன்றின் கடன் ஒன்று. நிதி நிறுவனமும் சோலார் விற்பனையாளரும் சேர்ந்து தரும் மாதத் தவணைத் திட்டம் மற்றொன்று. கூரையை முதலீட்டாளர் ஒருவருக்கு 20 வருடங்களுக்கு வாடகைக்குக் கொடுத்து, தொகுதியின் செலவையும் வருமானத்தையும் அவரிடமே விட்டுவிடுவது மூன்றாவது. நாங்கள் வங்கிக் கடனை எடுத்தோம். என் சாய்வு அதன் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கான காரணங்களும் இந்த மாவட்டத்திலேயே உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

திருகோணமலையின் வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோவாட்டுக்கு வருடச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு அலகு மின்சாரம் கிடைக்கும் என்று கணக்கிட்டால் பெரிதாகப் பிழைக்காது. தகடுகளுக்கு 25 வருட உத்தரவாதமும், அவை தரும் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்ப மாற்றும் இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் 10 வருடமும் தருகிறார்கள். நகையை அடகு வைத்துப் பூட்டியவர்களும், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் பூட்டியவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அடகு வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும் குறுங்காலக் கடன் என்பதால் 20 வருடச் சொத்துக்கு அது ஏற்றதல்ல, பிள்ளைகளின் பணத்துக்கு ஒப்பீடே தேவையில்லை.

இந்தத் தெரிவைத் தீர்மானிப்பது வட்டி எவ்வளவு என்பதைவிட, அந்த வட்டி எவ்வளவு காலத்துக்கு மாறாமல் இருக்கும் என்பதே. காரணம் எளிது. கூரை மின்சாரத்தை மின் வலையமைப்புக்கு விற்கும் ஒப்பந்தம் 20 வருடங்களுக்கு எழுதப்படுகிறது. ஒப்பந்தம் செய்யும் நாளில் உள்ள விலைதான் நமக்கு. 2016இல் கூரைச் சோலாருக்கான அரசின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருடங்களுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அதன் பின்னர் 15.50 ரூபாவும் என்று இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அது 37 ரூபாவாக உயர்ந்து, 2024இல் 27 ரூபாவாகக் குறைந்து, 2025இல் 5 முதல் 20 கிலோவாட் வரையான தொகுதிகளுக்கு 19.61 ரூபாவாக நின்றது. அந்தக் கடைசி விலையில் ஒப்பந்தம் செய்தவர்களில் நாங்களும் அடக்கம். ஆக, நாட்டில் எல்லாப் பொருளின் விலையும் ஏறினாலும் எங்கள் அலகின் விலை ஏறப்போவதில்லை. வருமானம் இப்படி ஆணியடித்து நிற்கும்போது, செலவுப் பக்கத்தில் அசையக்கூடிய ஒரே பெரிய தொகை வட்டிதான்.

அது எவ்வளவு தூரம் அசையும் என்பதை 2022 காட்டியது. அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளை வழிநடத்தும் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2021இன் முற்பகுதியில் 6 சதவீதத்தை ஒட்டியிருந்த, வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களுக்குத் தரும் முதன்மைக் கடன் வட்டி வீதம் 2022 முடியும்போது 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாறும் வட்டியில் கடன் எடுத்து ஆலைக் கூரையில் சோலார் போட்டிருந்த ஒருவரைத் தம்பலகாமத்தில் எனக்குத் தெரியும். வெயில் குறையவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை, விற்ற அலகும் குறையவில்லை. தவணை மட்டும் மாதா மாதம் ஏறியது. அதே காலத்தில் மின் உற்பத்தியாளர்களுக்கு வரவேண்டிய கொடுப்பனவுகளும் மாதக்கணக்கில் தாமதமாகின. வரவு பிந்த, செலவு ஏற, அவர் நெல் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துத் தவணை கட்டினார்.

எங்கள் கணக்கைத் தருகிறேன். கடன் 15 இலட்சம் ரூபா, காலம் ஏழு வருடம். 12 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 26,480 ரூபா. இதே கடன் தொடக்கத்திலிருந்தே 20 சதவீதமாக இருந்தால் 33,300 ரூபா. 25 சதவீதமென்றால் 38,000 ரூபாவை நெருங்கும். வரவுப் பக்கத்தில் மாதம் 1,200 அலகு, அத்தனையையும் 19.61 ரூபாவுக்கு விற்றால் 23,500 ரூபாதான். விற்பனையை மட்டும் நம்பினால் ஏழு வருடக் கடனின் தவணைகூட அதில் அடங்காது. 10 வருடத்துக்கு நீட்டினால் தவணை 21,500 ஆகி அடங்கிவிடும், ஆனால் கடன் முடியும் வேளையில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவு வந்து நிற்கும்.

எங்களுக்குக் கைகொடுத்தது சொந்தப் பாவனை. மேல்மாடி அறைகளைப் பருவகாலத்தில் பயணிகளுக்கு விடுவதால் குளிரூட்டிகள் ஓடுகின்றன. வீட்டு மின்கட்டணத்தில் 180 அலகைத் தாண்டிய பாவனைக்கு அறவிடும் விலையோ, நாங்கள் விற்கும் விலையின் இரண்டு மடங்குக்கும் மேல். நெட் அக்கவுண்டிங் முறையில் எங்கள் பாவனை முதலில் கழிக்கப்பட்டு மிச்சத்துக்கே பணம் வருகிறது என்பதால், வெளியே விற்கும் அலகைவிட வீட்டுக்குள் பயன்படும் அலகே தவணையைத் தூக்கிச் சுமக்கிறது. கட்டணப் பட்டியல் சிறிதாக உள்ள ஒருவர், வெறும் விற்பனைக்காக இந்த விலையில் கடனெடுப்பதை நான் ஊக்கப்படுத்தமாட்டேன்.

வங்கி ஏழு வருடத்துக்கும் நிலையான வட்டி தரவில்லை. அனுமதிக் கடிதத்தை மேசையில் விரித்து, பேனா முனையால் ஒரு பந்தியைத் தொட்டுக் காட்டிய இளம் உத்தியோகத்தர், "அக்கா, கையெழுத்து வைக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. முதல் அஞ்சு வருசம் மாறாது. அதுக்குப் பிறகு அந்த நேரத்து வீதம்தான்" என்றார். அந்தப் பந்தி பயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தபோது, ஐந்து வருட முடிவில் மீதிக் கடன் ஏறத்தாழ 5 இலட்சத்து 62 ஆயிரம் ரூபாவாகத்தான் இருக்கும் என்றும், அப்போது வட்டி 20 சதவீதமாக ஏறினாலும் தவணை 28,600 ரூபா அளவிலேயே நிற்கும் என்றும் தெரிந்தது. முதல் வருடத்தில் ஏறும் வட்டி ஆளை முறிக்கும். கடைசி இரண்டு வருடத்தில் ஏறும் வட்டியைத் தாங்கலாம். ஆகவே முழுக் காலத்துக்கும் நிலையான வட்டி கிடைக்காவிட்டாலும், முன்பாதிக்காவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிதி நிறுவனத் தவணைத் திட்டத்தின் பலம் வேகம். பிணையாளர், காணி உறுதி என்ற அலைச்சல் குறைவு. ஒரு வாரத்தில் ஆட்கள் ஏணியோடு வந்துவிடுவார்கள். எங்களுக்குக் காட்டிய தாளில் ஐந்து வருடத்துக்கு 10 சதவீதம் என்று இருந்தது. வங்கியின் 12ஐ விடக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது முழுக் கடனுக்கும் ஐந்து வருடமும் ஒரே மாதிரிக் கணக்கிடப்படும் வட்டி. 15 இலட்சத்துக்கு வருடம் ஒன்றரை இலட்சம், ஐந்து வருடத்துக்கு ஏழரை இலட்சம், மாதத் தவணை 37,500 ரூபா. குறைந்துவரும் மீதிக்கு வட்டி கணக்கிடும் வங்கி முறையில் சொன்னால் இது 17 சதவீதத்துக்கும் மேல். திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, மாதத் தவணையையும் மாதங்களின் எண்ணிக்கையையும் பெருக்கிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

மாரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் உற்பத்தி வெகுவாகக் குறைகிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் பயணிகளின் வரவும் அப்போதுதான் ஓய்கிறது. தவணைக்கு மட்டும் மாரி, கோடை இல்லை. கச்சான் காற்றடிக்கும் கோடை மாதங்களின் மிச்சத்தில் இரண்டு தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தோம், அது போதுமாக இருந்தது. ஆனால் நாங்கள் கண்டது ஒரு மாரியை மட்டுமே. கடும் மழை வருடம் ஒன்றில் மூன்று தவணை தேவைப்படலாம்.

கூரை வாடகையில் கடன் இல்லை, வட்டிப் பயம் இல்லை. கையில் வருவது சிறு தொகை. அதைச் சிறிதாக்குவது முதலீட்டாளரின் பேராசை என்று நான் நினைக்கவில்லை. தகடும் இன்வெர்ட்டரும் டொலரில் வருகின்றன, மின்சாரத்துக்கு ரூபா கிடைக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதைக் கண்ட எவரும், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அவ்வருடம் ஏப்ரலில் அறிவித்த ஒரு நாட்டில், அந்த ஆபத்துக்கு விலை போடாமல் பணத்தை இறக்கமாட்டார்கள். துறைமுகத்துக்கு அப்பால் சம்பூரில் இதே முடிச்சுத்தான் பேரளவில் இருக்கிறது. 500 மெகாவாட் நிலக்கரி நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்ட அந்தப் பகுதியில், இலங்கை மின்சார சபையும் இந்திய அரச மின் நிறுவனமான என்டிபிசியும் சேர்ந்த 120 மெகாவாட் சோலார் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. இரண்டு அரசுகளின் பின்பலம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் நீண்டகாலப் பணம், பத்துக் கூரைகளைச் சேர்த்து முதலிடும் உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பதில்லை. அவர் சுமக்கும் வட்டி நம் வாடகையில் கழிகிறது.

வாடகையில் எனக்கு உடன்பாடில்லாத வேறொன்றும் உண்டு. கடலோர உப்புக் காற்றில் தாங்கிச் சட்டங்களின் ஆணிகள் துருப்பிடிக்கும். எங்கள் கூரையில் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளைத்தான் போட வேண்டுமென்று நின்று போட்டோம். வாடகைக் கூரையில் அதைக் கேட்கும் உரிமை நமக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை. கூரை ஒழுகினால் தகட்டைக் கழற்றுவது யார், வீட்டை விற்றால் வாங்குபவர் மீதிக் காலத்தை ஏற்க வேண்டுமா என்பனவும் அப்படியே.

இருந்தும், மூதூரிலோ கந்தளாயிலோ அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில் வீடு கட்டியிருப்பவரிடம் வங்கிக்குப் போங்கள் என்று சொல்வது நியாயமல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணிகளை ஈடு வைப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு; போரிலும் இடப்பெயர்விலும் உறுதியைத் தொலைத்த குடும்பங்களும் பல. எங்களிடம் தெளிவான உறுதி இருந்ததால்தான் வங்கிக் கதவு திறந்தது. அது இல்லாதவர்களுக்கு, கட்டணப் பட்டியலுக்கு அளவான சிறு தொகுதியைத் தவணையில் எடுப்பது வாடகையைவிட நல்லது என்று நினைக்கிறேன். சொந்த அனுபவம் இல்லாததால் இதை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

பேட்டரியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில் மின் தேவை குறைந்த புத்தாண்டு விடுமுறையின்போது பிற்பகல் 3 மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டதைப் பார்த்தால், பகல் மின்சாரத்துக்கு இனியும் இத்தகைய நாட்கள் வரும். சேமித்து இரவு உச்ச நேரத்தில் தரும் அலகுக்கு 45.80 ரூபா என்று அறிவிக்கப்பட்டது கவர்ச்சியானதுதான். ஆனால் அதற்கு இன்னொரு கடன் வேண்டும். நிலையான வட்டிக் காலத்துக்குள் முதல் கடனைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, அதன் பின்னரே அந்தக் கதவைத் தட்டுவதென்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம்.